கடல் இல்லாத ஊரில் மீன் குழம்பு!

மதுரைக்குக் கடல் கிடையாது. ராமேசுவரம் சுமார் 170 கிலோமீட்டர் தூரம். தூத்துக்குடி சுமார் 150 கிலோமீட்டர்.

ஆனாலும் பகல் பன்னிரண்டு மணிக்கு மதுரைத் தெருக்களில் நடந்து பாருங்கள். சந்துக்குச் சந்து மீன் குழம்பு வாசனை மூக்கைத் துளைக்கும்! கடலோரத்து ஊர்க்காரர்கள்கூட மதுரைக்கு வந்தால் “அயிரை மீன் எங்கே கிடைக்கும்?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

பெரிய கடைகளின் பெயர் எல்லோருக்கும் தெரியும். தல்லாகுளம் பக்கத்தில் சந்திரன் மெஸ், அம்மா மெஸ், குமார் மெஸ் என்று வெளியூர்க்காரர்கள் விசாரித்துக்கொண்டு போவார்கள். சிம்மக்கல் கோனார் கடைக்குக் கறி தோசை பிரசித்தம். இவற்றுக்கு விளம்பரம் தேவையில்லை.

பெயர்ப் பலகையே இல்லாத கடைகளும் மதுரையில் உண்டு. அவற்றைக் கண்டுபிடிப்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

நாலு பெஞ்சு, ஒரு அடுப்பு

வீட்டின் முன் அறையே கடை. நாலு பெஞ்சு, ஒரு தண்ணீர்ப் பானை. உள்ளே மனைவி சமைப்பார். வெளியே கணவர் இலை போடுவார். பாரம் தூக்குகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், கோர்ட்டுக்கு வந்தவர், துணிக் கடைச் சிப்பந்தி எல்லோரும் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

இங்கே அச்சடித்த விலைப்பட்டியல் கிடையாது. அன்றைக்குக் காலையில் சந்தையில் என்ன கிடைத்ததோ அதுதான் குழம்பு. பாறை கிடைத்தால் பாறை, விளைமீன் கிடைத்தால் விளைமீன். மலிவாக வந்தால் சாளை, நெத்திலி. மழைக்காலத்தில் நண்டு ரசமும் உண்டு.

“அக்கா, அயிரை இருக்கா?”

“இன்னைக்கு இல்லண்ணே. கெளுத்தி இருக்கு, ஊத்தட்டுமா?”

இப்படிப் பதில் சொல்லும் கடை நல்ல கடை! வருஷம் 365 நாளும் எல்லா மீனும் இருக்கிறது என்று சொல்லும் கடையில் கொஞ்சம் யோசித்துத்தான் உட்கார வேண்டும். மீன் என்பது பருவத்தைப் பொறுத்தது. “இல்லை” என்று சொல்லத் தெரிந்த கடைக்காரர், நேற்றைய மீனை இன்றைக்குப் போடமாட்டார்.

இன்னொரு அடையாளமும் உண்டு. இந்தக் கடைகளில் மூன்று மணிக்குள் சட்டி காலியாகிவிடும். நாலு மணிக்குப் போனால் அடுப்பில் பூனை படுத்திருக்கும்.

விரல் நீள மீன்

மதுரையின் பெருமை கடல் மீன் அல்ல, அயிரைதான். விரல் நீளம்கூட இருக்காது. வாயோரத்தில் சின்ன மீசை. குளம், கண்மாய், வாய்க்கால், ஆறு ஆகியவற்றின் அடியில் மணலிலும் சேற்றிலும் புதைந்து வாழும். தண்ணீர் குறைந்தாலும் சட்டென்று சாகாது. மேலே வந்து காற்றை விழுங்கிச் சமாளித்துக்கொள்ளும். அதனால்தான் சந்தையில் பாத்திரத்துத் தண்ணீரில் துள்ளத் துள்ள விற்க முடிகிறது.

அயிரை நேற்று வந்த மீன் அல்ல. நாரை அயிரையைத் தேடி உண்பதைச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். குறுந்தொகையிலேயே இதன் பெயர் வருகிறது. நாரைக்குக் கிடைத்த விருந்து இன்று நமக்கும் கிடைக்கிறது.

ஆனால் விலை? கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். வரத்துக் குறைந்த நாளில் அதற்கும் மேலே போகும். சின்னக் கிண்ணத்தில் குழம்பு வைத்துவிட்டுப் பெரிய தொகை கேட்கிறார்களே என்று வெளியூர்க்காரர் முகம் சுளிப்பதுண்டு. அந்தக் கிண்ணத்துக்குப் பின்னால் இருக்கும் வேலையைத் தெரிந்துகொண்டால் சுளிக்கமாட்டார்.

பால் குடிக்கும் மீன்

இந்தச் சின்ன மீனைக் குடல் எடுத்துச் சுத்தம் செய்ய முடியாது. முழுசாகத்தான் சமைக்க வேண்டும். சேற்றில் வாழும் மீன் அல்லவா? வயிற்றில் மண் இருக்கும். மண்ணோடு சமைத்தால் பல்லில் நறநறக்கும்.

அதற்கு நம் பெண்கள் கண்ட வழி விசித்திரமானது. உயிர் மீனைப் பாலிலோ தேங்காய்ப் பாலிலோ விட்டுவிடுகிறார்கள். மீன் பாலைக் குடித்து, வயிற்று மண்ணைக் கக்கிவிடும். பிறகு மண் சட்டியில் கல் உப்புப் போட்டு உரசி, வழுவழுப்புப் போகும்வரை பல தண்ணீர் மாற்றி அலசுகிறார்கள். அவசரப்பட்டால் காரியம் கெட்டது.

குழம்பு கூட்டுவது தனிக் கலை. நல்லெண்ணெயில் வெந்தயம் தாளித்து, சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கி, தக்காளி, மிளகாய்ப்பொடி, மல்லிப்பொடி, புளிக்கரைசல் சேர்த்து நன்றாகக் கொதிக்க விடவேண்டும். எண்ணெய் மேலே மிதக்கும்போது கடைசியாக மீனைப் போட வேண்டும். சில நிமிஷம்தான். அதன்பின் கரண்டியே போடக் கூடாது. சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். கரண்டி பட்டால் மீன் கரைந்து கூழாகிவிடும். மாங்காய்க் காலத்தில் இரண்டு துண்டு மாங்காய் சேர்ந்தால் ருசி இரட்டிப்பு!

சுடுசோற்றுக்கு இது பொருத்தம். ஆனால் மதுரைக்காரர்கள் மறுநாள் காலை இட்டிலிக்குத் தொட்டுக்கொள்ள ஒரு கரண்டி ஒதுக்கி வைப்பார்கள். பழைய குழம்பின் ருசி தெரிந்தவர்கள் அவர்கள்.

ராத்திரியில் வரும் கடல்

கடல் மீன் எப்படி வருகிறது? ராமேசுவரம், மண்டபம், தூத்துக்குடிக் கரைகளில் ஏலம் எடுத்த மீன், ஐஸ் பெட்டிகளில் லாரி ஏறுகிறது. ஊர் உறங்கும் நேரத்தில் மதுரைக்குள் நுழைகிறது. வெகுகாலம் கரிமேடு மீன் சந்தைதான் இதற்குப் பெயர் பெற்றிருந்தது. பிறகு மொத்த வியாபாரம் மாட்டுத்தாவணிப் பக்கம் மாறியது. விடிவதற்குள் பேரம் முடிந்துவிடும். சின்னக் கடைக்காரர் சைக்கிளிலோ ஸ்கூட்டரிலோ வந்து, தமக்கு வேண்டிய நாலைந்து கிலோவைப் பொறுக்கிக்கொண்டு போவார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருக வேண்டும் என்பதற்காக அரசு விதித்த தடை இது. முன்பு 45 நாளாக இருந்தது, 2017-ல் 61 நாளாக ஆக்கப்பட்டது. அப்போது நாட்டுப் படகு மீனும் கேரளக் கரை மீனும்தான் கைகொடுக்கும். விலை ஏறும். அந்த நாட்களில் “எந்த ஊர் மீன்?” என்று கேட்பதில் தவறில்லை.

2018-ல் மீனில் பார்மலின் கலக்கிறார்கள் என்று பெரிய பரபரப்பு எழுந்தது. அதிலிருந்து வாங்குவோரும் உஷாராகிவிட்டார்கள். கண் பளிச்சென்று துருத்தி நிற்க வேண்டும். செவுள் சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே எழும்பி நிரம்ப வேண்டும். இந்த மூன்றையும் பார்க்கத் தெரிந்த கடைக்காரர்தான் நல்ல சமையல்காரர்.

அணைக்கட்டு வறுவல்

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வெளியே போகிறவர்கள் வைகை அணைப் பக்கம் போய்ப் பார்க்கலாம். ஆண்டிபட்டி அருகே 1959-ல் திறக்கப்பட்ட அணை இது. 71 அடி நீர் தேக்கலாம். அணையில் பிடித்த கட்லா, ரோகு, ஜிலேபி மீன்களை மசாலா தடவி, கண் எதிரே பொரித்துத் தரும் சின்னக் கடைகள் அங்கே உண்டு. ஆடம்பரம் ஒன்றும் கிடையாது. இலைத் துண்டில் மீன், பக்கத்தில் வெங்காயம், எலுமிச்சை. அவ்வளவுதான்.

இந்த ஜிலேபி மீன் நம் நாட்டு மீன் அல்ல என்பது பலருக்குத் தெரியாது. ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வந்த இடத்தில் வேகமாகப் பெருகி, நாட்டு மீன்களின் இடத்தையும் இரையையும் பிடித்துக்கொண்டது. ருசியான விருந்தாளி, ஆனால் வீட்டுக்காரனை வெளியேற்றும் விருந்தாளி!

வெள்ளை வீசினால் விருந்து

மேலூர், சிவகங்கை வட்டாரங்களில் இன்னொரு மீன் விருந்து உண்டு. அதற்குக் கடை கிடையாது, காசும் கிடையாது. கோடையில் கண்மாய் வற்றும்போது ஊர் கூடி மீன்பிடித் திருவிழா நடத்துகிறார்கள். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அவ்வளவுதான், ஊத்தா, கச்சா, வலை, கூடை சகிதம் ஜனங்கள் தண்ணீரில் பாய்வார்கள். ஆண், பெண், குழந்தை என்ற பேதமில்லை. சாதி பேதமும் பார்ப்பதில்லை. பிடித்த மீனை விற்காமல் வீட்டில் சமைத்து, உறவுக்காரர்களுக்கும் கொடுத்தனுப்புவது வழக்கம். இப்படிச் செய்தால் மழை நன்றாகப் பெய்யும் என்பது நம்பிக்கை.

குழம்பு எங்கே தொடங்குகிறது?

கண்மாயில் தண்ணீர் நின்றால்தான் திருவிழா. கண்மாயே இல்லாவிட்டால்?

தல்லாகுளம் என்ற பெயர் இருக்கிறது. குளம் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. 2004-ல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றக் கிளை உலகனேரிக் கண்மாய் இருந்த பகுதியில்தான் நிற்கிறது. நகரம் வளர வளரக் கண்மாய்கள் சுருங்கின. இருக்கும் கண்மாய்களில் சாக்கடை கலக்கிறது. வைகையில் மணல் அள்ளி அள்ளி, பல இடங்களில் பாறையும் களிமண்ணும்தான் மிச்சம். மணலில் புதைந்து வாழும் அயிரை எங்கே போகும்?

பண்ணைக் குட்டைகளில் அயிரை வளர்க்கும் முயற்சிகள் நடக்கின்றன. நல்லதுதான். ஆனால் புது வெள்ளம் வந்ததும் வாய்க்காலில் பறி வைத்து அயிரை பிடித்த காலம் குட்டையில் திரும்பி வராது.

ஆகவே, பெயர்ப் பலகை இல்லாத அந்தக் கடையில் “இன்னைக்கு அயிரை இல்லண்ணே” என்று அந்த அம்மாள் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். இலையில் விழுந்த கெளுத்திக் குழம்பைச் சந்தோஷமாகச் சாப்பிடுங்கள். வீட்டுக்குப் போகும் வழியில் உங்கள் ஊர்க் கண்மாயை ஒருமுறை எட்டிப் பாருங்கள். அதில் தண்ணீர் இருந்தால், என்றைக்காவது ஒருநாள் “இருக்குண்ணே, உட்காருங்க!” என்ற பதிலும் கிடைக்கும்.