சிறகு முளைத்த ஓவியங்கள் – 7: காயம்பட்ட தேவதை

சென்ற வாரம் பார்த்த டியூரரின் 'மெலன்கோலியா'வில், சிறகிருந்தும் எழ மனமின்றி உட்கார்ந்திருந்தாள் ஒருத்தி. இந்த வாரத் தேவதை பறக்க நினைத்தாலும் முடியாது. சிறகில் ரத்தக் கறை. கண்களை மறைத்துக் கட்டுப் போட்டிருக்கிறது. இரண்டு சிறுவர்கள் முன்னும் பின்னுமாக அவளை ஸ்ட்ரெச்சரில் சுமந்து போகிறார்கள்.

பின்லாந்து ஓவியர் ஹியூகோ சிம்பெர்க் 1903-ல் வரைந்த ஓவியம் இது. ஹெல்சிங்கியின் அதெனியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2006-ல் அங்கே நடந்த வாக்கெடுப்பில், பின்லாந்து மக்கள் தங்கள் தேசிய ஓவியமாக இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

பொருள் கேட்டவர்களுக்குச் சிம்பெர்க் விளக்கம் சொல்லவில்லை. பார்ப்பவர்களே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார். களங்கமின்மை அடிபட்டதாகச் சிலர் சொல்கிறார்கள், நம்பிக்கை வீழ்ந்ததாகச் சிலர். எனக்கு இவை போதவில்லை. இப்படிச் சொல்கிறவர்கள் சிறகை மட்டும் பார்த்துவிட்டு, சுமக்கிறவர்களை விட்டுவிடுகிறார்கள்.

அவர்கள் நடக்கும் பாதையைப் பாருங்கள். ஹெல்சிங்கியின் எலாயின்டார்ஹா பூங்காவில், விரிகுடாவை ஒட்டிச் செல்லும் நிஜமான பாதை அது. அந்தக் காலத்தில் உழைக்கும் மக்கள் ஓய்வு நாளில் வந்து உலாவிய இடம். பார்வையற்ற சிறுமிகளின் பள்ளியும் உடல் ஊனமுற்றோர் இல்லமும் அங்கே இருந்தன. சிறுவர்கள் அந்தத் திசையில்தான் போகிறார்கள். ஆக, வானத்திலிருந்து விழுந்தவளுக்கும் பூமியில்தான் வைத்தியம்.

சிம்பெர்க் மெனிஞ்சைட்டிஸ் என்னும் மூளைக்காய்ச்சலில் படுத்து மீண்டவர். வெளிச்சம் கண்ணுக்குத் தாங்காமல் போவது அந்த நோயின் அறிகுறிகளில் ஒன்று. அதைத் தெரிந்துகொண்டபின் தேவதையின் கண்கட்டு எனக்கு வேறாகத் தெரிகிறது. குருட்டுத்தனத்தின் குறியீடாக அதை இனி என்னால் வாசிக்க முடியாது. நோயாளியின் கண்ணுக்குக் கொடுத்த நிழல் அது. அவள் கையில் இருப்பவை பனித்துளி மலர்கள். பனி உருகும்போதே தலைகாட்டும் பூ என்பதால், உடல் தேறுவதற்கும் மறுபிறப்புக்கும் அடையாளம்.

முன்னால் போகும் கறுப்புடைச் சிறுவன் வழியைப் பார்க்கிறான். பின்னால் வருபவனோ தலையைத் திருப்பி நேராக நம்மைப் பார்க்கிறான். அந்த முகத்தில் அழுகையோ பக்தியோ கிடையாது. 'நீ ஏன் நின்று வேடிக்கை பார்க்கிறாய்?' என்று கேட்கிற கோபம் இருக்கிறது. ஓவியத்தின் உயிர் அந்தப் பார்வையில்தான் இருக்கிறது என்பது என் துணிபு. தேவதையின் கண்ணை மூடிவிட்டு, அவளைச் சுமப்பவனின் கண்ணை நம் மீது திருப்பிவிட்டார் சிம்பெர்க்.

பிறகு தாம்பெரே நகரத் தேவாலயச் சுவரிலும் இதே காட்சியை வரைந்தார். தாம்பெரே ஆலைத் தொழிலாளர்களின் ஊர். அங்கே தேவதைக்குப் பின்னால் ஆலைப் புகைபோக்கிகள் நிற்கின்றன.

சிறகுள்ள உருவத்தை இனி எந்த ஓவியத்தில் கண்டாலும், பக்கத்தில் யார் இருக்கிறார்கள், அவர்கள் எங்கே பார்க்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

அடுத்த வாரம்: ரஷ்ய ஓவியர் மிகயில் விரூபெல் 1890-ல் வரைந்த 'அமர்ந்திருக்கும் டீமன்'.