தனித்தனியே பணி, சேர்ந்தே பாராட்டு

2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டது. மூங்கில்துறைப்பட்டில் ஆசிரியராகப் பணிபுரியும் நான் அத்திட்டத்தில் உணர்ந்தது ஒன்று உண்டு. தன்னார்வலர்கள் மாலையில் ஆளுக்கொரு தெருவில் கற்பித்தனர். மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாய். தட்டிக்கொடுக்கச் சக ஆசிரியர் அருகில் இல்லை. ஒருவர் சோர்ந்தால் அந்தத் தெருவின் வகுப்பே நின்றுவிடும். கல்வராயன் மலையின் சிறு பள்ளிகளில் பணியாற்றுவோர் நிலையும் இதற்கு நெருக்கமானதே.

இத்தகையோர் பணியேற்ற நாளைக் குறித்துவைப்போம். ஆண்டு நிறைவன்று வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துப் படம் மட்டும் போதாது. 'எழுத்துக்கூட்டித் திணறிய மூவர் இன்று கதை வாசிக்கிறார்கள்' என்பதுபோல, அவர் செய்ததை எடுத்துச் சொல்வோம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், பெற்றோர் முன்னிலையில் பெயர் கூறிப் பாராட்டுவோம். தம் உழைப்பை ஊர் அறியும் என்று தெரிந்தவர் மறுநாளும் ஆர்வத்தோடு வகுப்புக்கு வருவார்.