கன்னித்தீவு: முடிவுறாப் படக்கதையின் கட்டமைப்பு

முன்னுரை

முடிவின்றி நீளும் எதனையும் ‘கன்னித்தீவு போல’ என்று சுட்டுவது தமிழ்ப் பேச்சு வழக்கு. நாளிதழ்ப் படக்கதை ஒன்றின் பெயர் உவமையாக நிலைபெற்றுள்ளது. எனினும், இலக்கிய வரலாற்று நூல்கள் அக்கதையைப் பெரிதும் பேசுவதில்லை. தலைமுறைகள் கடந்து அக்கதை நீள்வதற்கு வழிவகுத்த கட்டமைப்பை இக்கட்டுரை விளக்குகிறது.

தோற்றம்

சி.பா. ஆதித்தனார் 1942இல் மதுரையில் ‘தந்தி’ நாளிதழைத் தொடங்கினார். புதிதாக எழுத்தறிவு பெற்றோரும் படிக்கத்தக்க எளிய நடையே அதன் நெறி. ‘தினத்தந்தி’யில் 1960களின் தொடக்கம் முதல் வெளிவரும் கன்னித்தீவு அந்நெறிக்கு இயைந்தது. நாளுக்குச் சில கட்டங்கள், கட்டத்திற்கு ஓரிரு வரிகள் என்பதே அதன் வடிவம். கணு முதலிய ஓவியர்கள் வரைந்த இத்தொடர் 20,000 பகுதிகளைக் கடந்துள்ளது.

கதைமுடிச்சு

அரபுக் கதை மரபில் சிந்துபாத்தின் கடற்பயணங்கள் ஏழு. தமிழ்ப் படக்கதை அவ்வரையறையை நீக்கிவிட்டது. மந்திரவாதி மூசாவால் உருவம் சிறுத்த லைலாவை மீட்பது சிந்துபாத்தின் நோக்கம். அந்நோக்கம் நிறைவேறாதவரை ஒவ்வொரு தீவும் ஒரு கிளைக்கதைக்கு இடம் தரும். விக்கிரமாதித்தன் கதை முதலியவற்றில் பயிலும் கிளைக்கதை உத்தியே இது. ஆயின் அங்குப் பதுமைகளின் எண்ணிக்கை கதைக்கு எல்லை வகுக்கிறது. இங்கு அத்தகைய எல்லை இல்லை. முன்கதை அறியாதவரும் எந்நாளிலும் வாசிக்கத் தொடங்கலாம்.

காலமும் குடும்பமும்

அமெரிக்காவில் 1918இல் தொடங்கிய ‘கேசோலின் ஆலி’ என்னும் படக்கதையில் மாந்தர் வளர்ந்து மூப்படைகின்றனர்; 1921இல் வாயிற்படியில் கிடந்த குழந்தை பின்னர் முதியவராகிறது. அங்குக் குடும்பம் கதைக்குள் வளர்கிறது. சிந்துபாத்தோ மூப்படைவதில்லை, அவனைப் படிக்கும் குடும்பமே வளர்கிறது. பாட்டன் எழுத்துக்கூட்டிப் படித்த கதையைப் பேரனும் படிக்க இயல்வது இதனாலேயே. எனவே கன்னித்தீவு பொருளால் அன்றி வாசிப்பால் குடும்பப் படக்கதையாகிறது.

முடிவுரை

முடிவின்மை கன்னித்தீவின் குறையன்று. நாள்தோறும் புதிய வாசகரை ஏற்பதற்கான அமைப்பே அது. அறுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட எளிய தமிழ் நடையின் மாற்றத்தையும் ஓவியப் பாணியின் மாற்றத்தையும் ஒரே தொடரில் வைத்துக் காண இது இடந்தருகிறது. நாளிதழ்த் தாள் விரைவில் பழுப்பேறி நொறுங்கும் இயல்பினது. ஆதலின், பகுதிகளை எண்வரிசையில் தொகுத்து அட்டவணைப்படுத்துதல் தமிழாய்வின் உடனடித் தேவையாகும்.