ஏழு என்றால் கோடியில் ஒன்று

பீருக்குப் பேர்போன கார்ல்ஸ்பர்க் நிறுவனத்துக்கு டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் 1875 முதலே ஓர் ஆய்வுக்கூடம் உண்டு. அங்கே நொதிகளை ஆராய்ந்துவந்தவர் சோரன்சன். கரைசலின் அமிலத்தன்மை சற்று மாறினாலும் நொதியின் வேகம் மாறிவிடும். அமிலத்தன்மையை ஒரு லிட்டரில் எத்தனை மோல் ஹைட்ரஜன் அயனி என்று அளக்கவேண்டும், கிடைப்பதோ 0.0000001 போன்ற எண்கள். சுழிகளை எண்ணியே கண் பூத்துவிடும். பத்தின் அடுக்கை மட்டும், கழித்தல் குறி இல்லாமல் எழுதினால் போதும் என்று 1909இல் அவர் சொன்ன வழிதான் பி.எச்.

சுத்தமான தண்ணீரில், 25 டிகிரி செல்சியஸில், லிட்டருக்கு ஒரு மோலில் கோடியில் ஒரு பங்குதான் ஹைட்ரஜன் அயனி. கோடிக்கு ஏழு சுழி; எனவே பி.எச். 7. பத்து லட்சத்தில் ஒரு பங்கானால் 6. அதாவது, எண் ஒன்று குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடுகிறது. ஹைட்ரஜன் அயனி ஏறினால் ஹைட்ராக்சைடு அயனி இறங்கும். இந்த வெப்பநிலையில் இரண்டின் அடுக்குகளும் சேர்ந்து 14. ஒன்று 3 என்றால் மற்றது 11.

பி.எச். 2, பி.எச். 4 உள்ள இரண்டு ஹைட்ரோகுளோரிக் அமிலக் கரைசல்களைச் சம அளவில் கலந்தால் என்ன வரும்? மூன்று என்று சொல்லத் தோன்றும். ஆனால் சராசரி எடுக்கவேண்டியது அயனிகளுக்கு: 0.01, 0.0001 இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 0.00505. விடை 2.3. நீர்த்த கரைசல் கிட்டத்தட்ட வெறும் தண்ணீரின் வேலையைத்தான் செய்திருக்கிறது.

வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம் வேறு ரகம். லிட்டருக்கு 0.1 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் முழுவதும் அயனியாகப் பிரிவதால் பி.எச். 1. அதே அளவு அசிட்டிக் அமிலத்தில் நூறு மூலக்கூறுகளில் ஒன்றோ இரண்டோதான் பிரியும். அதன் பிரிகை மாறிலியான 0.000018ஐ 0.1ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 0.00134, பி.எச். சுமார் 2.9. ஆனால் இரண்டையும் நடுநிலையாக்க ஒரே அளவு காஸ்டிக் சோடா வேண்டும். பி.எச். காட்டுவது கையில் புரளும் சில்லறையை. பெட்டியில் பூட்டியிருப்பதை அல்ல.

தேர்வுத்தாள் தயாரிப்பவர்களுக்குப் பிடித்த பொறி ஒன்று உண்டு. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை லிட்டருக்குப் பத்துக் கோடியில் ஒரு மோல் வரை நீர்க்கச்செய்தால் பி.எச். 8 என்று கணக்கு வரும். அமிலம் ஊற்றிய தண்ணீர் காரமாகுமா? தண்ணீர் தானாகத் தரும் அயனிகள் அமிலம் தருவதைவிட அதிகம் என்பதைக் கணக்கு மறந்துவிட்டது. அதையும் சேர்த்துப் போட்டால் வருவது 6.98.