உண்ணி காவும் பற்றீரியாவைப் பரம்பரையலகு மூலம் இனங்காணல்

மட்டக்களப்பு மாவட்டத்தின் வடபகுதியில், திருகோணமலைக்குச் செல்லும் வீதியோரமாக அமைந்த கிராமம் மாங்கேணி. இப்பகுதியில் மாடுகள் பட்டிகளாக வளர்க்கப்பட்டு, பெரும்பாலும் திறந்த வெளியில் மேய்கின்றன. புல்லிலும் பற்றைகளிலும் உள்ள உண்ணிகள் அவற்றின் உடலில் இலகுவில் ஏறிக்கொள்கின்றன.

இங்குள்ள பண்ணையாளர் ஒருவர் நல்ல பால் தரும் கலப்பினப் பசுவொன்றை வாங்கித் தமது பட்டியில் சேர்க்கிறார் எனக் கொள்வோம். பட்டி மாடுகள் யாவும் சுகமாகவே உள்ளன. ஆனால் சில வாரங்களில் புதிய பசுவுக்கு மட்டும் காய்ச்சல் ஏற்படுகிறது, பால் வற்றுகிறது, இமையின் உட்புறம் வெளிறுகிறது. நோய் எங்கிருந்து வந்தது?

1. நோயாக்கி

இத்தகைய அறிகுறிகளை ஏற்படுத்தும் உண்ணிக் காய்ச்சல்கள் இரண்டைப் பிரித்தறிதல் வேண்டும்.

(அ) அனப்பிளாசுமா மார்ஜினேல் - இது ஒரு பற்றீரியா. செங்குழியத்தின் ஓரத்தில் சிறு புள்ளியாகத் தென்படும். 1910 இல் தென்னாபிரிக்காவில் ஆர்னோல்ட் தெய்லர் இதனை விவரித்தார்.
(ஆ) பபீசியா - இது ஒரு புரோட்டோசோவா. குருதிக் குழாய்களினுள்ளேயே செங்குழியங்கள் உடைவதால் சிறுநீர் சிவக்கும்.

அனப்பிளாசுமா தொற்றிய செங்குழியங்கள் பிரதானமாக மண்ணீரலில் அகற்றப்படுகின்றன. ஆகவே குருதிச்சோகையும் மஞ்சள் நிறமும் ஏற்பட்டாலும் சிறுநீர் சிவப்பதில்லை. பற்றீரியாவைக் கட்டுப்படுத்தும் ஒட்சிதெத்திராசைக்கிளின் பபீசியாவுக்குத் தகுந்த மருந்தன்று. எனவே நோயாக்கியைத் தவறாக இனங்கண்டால் பசுவை இழக்க நேரிடலாம்.

2. நுணுக்குக்காட்டியின் எல்லை

குருதிப் பூச்சைச் சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்ப்பது விரைவான, மலிவான முறையாகும். நோய் கடுமையாக உள்ளபோது இது போதுமானது. ஆனால் நோயிலிருந்து மீண்ட மாடு நீண்டகாலம், பெரும்பாலும் ஆயுள் முழுவதும், பற்றீரியாவைக் காவிக்கொண்டிருக்கும். அதன் செங்குழியங்களில் 1000 இல் ஒன்றுக்கும் குறைவானவையே தொற்றுற்றிருக்கலாம். எனவே குருதிப் பூச்சில் எதுவும் தென்படாதிருக்கலாம். “காணப்படவில்லை” என்பது “இல்லை” என்று பொருள்படாது.

3. பரம்பரையலகுச் சோதனை

ஒவ்வோர் உயிரினத்தின் டீ.என்.ஏயிலும் அதற்கே உரிய மூல ஒழுங்குகள் உண்டு. அனப்பிளாசுமாவின் மேற்பரப்புப் புரதங்களுக்குரிய பரம்பரையலகுகள் அத்தகையவை. மாட்டின் குருதியிலிருந்தோ உண்ணியிலிருந்தோ டீ.என்.ஏயைப் பிரித்தெடுத்து, பொலிமரேசு சங்கிலித் தாக்கம் (பி.சி.ஆர்) மூலம் அப்பகுதியை மட்டும் பெருக்கலாம். 1983 இல் இம்முறையைக் கண்டறிந்த கரி மல்லிசு 1993 இல் இரசாயனவியலுக்கான நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஒரு வட்டத்தின் படிகள்:
- ஏறத்தாழ 95 பாகை செல்சியசில் டீ.என்.ஏயின் இரு இழைகளும் பிரியும்.
- 50 - 60 பாகையளவில், பிரைமர் எனப்படும் குறுகிய துண்டுகள் தமக்கு நிரப்பான இடத்தில் இணையும்.
- 72 பாகையளவில், வெப்பத்தைத் தாங்கும் பொலிமரேசு நொதியம் புதிய இழையை அமைக்கும்.

ஒவ்வொரு வட்டத்திலும் பிரதிகள் இரட்டிக்கும். கொள்கையளவில் ஒரு பிரதி 30 வட்டங்களின் பின் 100 கோடிக்கும் மேலாகும். ஆகவேதான் மிகச் சொற்பமான பற்றீரியாவும் அகப்படுகிறது. பெறப்பட்ட துண்டின் மூல ஒழுங்கை வாசித்து, ஏற்கெனவே அறியப்பட்ட ஒழுங்குகளுடன் ஒப்பிட்டு இனத்தை உறுதிப்படுத்தலாம். இலங்கை மாடுகளிலும் எருமைகளிலும் இப்பற்றீரியா பரவியிருப்பதை 2019 இல் வெளியான பி.சி.ஆர் ஆய்வொன்று காட்டியது.

4. பெறுபேற்றை விளங்கிக்கொள்ளல்

மாங்கேணிப் பட்டியின் பழைய மாடுகளில் பற்றீரியா கண்டறியப்பட்டால், அவையே நோய்த் தேக்கமாக இருந்திருக்கலாம். இளங்கன்றாக இருக்கும்போது தொற்றிய மாடுகளில் நோய் பொதுவாகக் கடுமையாவதில்லை. முன்னர் தொற்றுக்கு உட்படாத வளர்ந்த பசுவுக்கோ அது உயிராபத்தாகலாம். உண்ணி மட்டுமன்றி, குருதி குடிக்கும் ஈக்களும் பல மாடுகளுக்குப் பயன்படுத்தும் ஒரே ஊசியும் இந்நோயைக் கடத்தும்.

எனினும் பி.சி.ஆர் பற்றீரியாவின் டீ.என்.ஏ இருப்பதையே காட்டும். அம்மாடு இப்போது நோயுற்றுள்ளது என்பதை அது மட்டும் நிறுவாது. ஆகவே நோய்க்குறிகளையும் சேர்த்தே தீர்மானித்தல் வேண்டும்.

பயிற்சி வினா

குருதிப் பூச்சில் நோயாக்கி தென்படாத மாடொன்றில் பி.சி.ஆர் சோதனை நேராக அமைந்தது. காரணம் தருக. புதிய மாட்டைப் பட்டியில் சேர்க்குமுன் செய்யவேண்டியவை மூன்று கூறுக.

விடைக் குறிப்பு: மாடு நோய்காவியாக உள்ளது, தொற்றுற்ற செங்குழியங்கள் மிகக் குறைவு, பி.சி.ஆர் டீ.என்.ஏயைப் பெருக்குவதால் அது புலப்படுகிறது. புதிய மாட்டையும் பட்டியையும் குருதிச் சோதனைக்கு உட்படுத்தல், உண்ணிக் கட்டுப்பாடு, மாட்டுக்கு மாடு வேறு ஊசி பயன்படுத்தல்.