அசதிக்கும் மார்க் உண்டு

1980களில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு வந்தவரின் கட்டிலடியில் ஒரு பேசின் கட்டாயம் இருக்கும். வாந்திதான் அன்றைய பெரும்பாடு. 1990களின் தொடக்கத்தில் ஆன்டான்செட்ரான் என்ற வாந்தித் தடுப்பு மருந்து வந்த பிறகுதான் அது ஓரளவு அடங்கியது. அடங்கியதும், அதுவரை அதன் பின்னால் மறைந்திருந்த அசதி முன்னுக்கு வந்து நின்றது.

அந்த அசதியை அப்போது யாரும் தனியாகக் கேட்டதில்லை. “படுத்து நல்லா ரெஸ்ட் எடுங்க” என்பார்கள். ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுத்து, எழுந்திருக்க விடாமல் பார்த்துக்கொள்வதுதான் பிள்ளைகளின் கடமை. நோயின் பெயரையே சொல்லாமல் ‘கட்டி’ என்று முடித்துக்கொண்ட வீடுகளில் அசதியைப் பற்றி எங்கே பேச?

இப்போது கேட்கிறார்கள். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் மார்க் போடச் சொல்கிறார்கள். ரத்தசோகையா, தைராய்டா, வலியில் தூக்கம் கெட்டதா, மனச்சோர்வா என்று பார்த்து, சரிசெய்ய முடிந்ததைச் சரிசெய்கிறார்கள். தூங்கி எழுந்தாலும் தீராத அசதி இது. எந்நேரமும் படுத்தே கிடந்தால் தசை இளைத்து இன்னும் கூடும். ஆகவே முடிந்த நாளில் வாசல்வரை நடக்கச் சொல்கிறார்கள். எலும்பில் பரவியிருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு. அன்று சொன்னதற்கு நேர்மாறு.

எங்கள் அம்மாவுக்கு நோய் முற்றிய நிலை. குளியலறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறோம். துவட்டக் கை தூக்கினாலே மூச்சு வாங்குகிறது என்பதால், பெரிய துண்டாகப் போர்த்தி அப்படியே உட்கார வைப்போம். ஈரத்தைத் துண்டே இழுத்துக்கொள்ளும். முறத்தில் நாலு சின்ன வெங்காயம் உரிக்கக் கொடுத்தால், “இது குழம்புக்குக் காணுமாடி?” என்று கேட்டுவிட்டு உரிப்பார். அந்த வேலையைப் பிடுங்கிக்கொள்ளக் கூடாது என்பது என் கட்சி.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வலி நிவாரண ஆதரவு சிகிச்சைக்கும் இயன்முறை சிகிச்சைக்கும் வீட்டுக்கே ஆள் வர வழி இருக்கிறது. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு ரயிலேறிய தலைமுறைக்கு இது பெரிய விஷயம்.

மாறாதவர்கள் உறவுக்காரர்கள். “மனசைத் தைரியமா வச்சுக்கோங்க” என்பார்கள், அசதி ஏதோ தைரியக் குறைவு மாதிரி. அம்மா தெம்பாக இருப்பது காலை பத்திலிருந்து பதினொன்றுவரை. அப்போது வரச் சொல்லிவிட்டோம். சிலருக்குக் கோபம். இருக்கட்டும்.