திரும்பப் பிடித்த அடிமைகள்



கடவுளின் தண்டனை என்றதும் இடி, மின்னல், வானத்திலிருந்து இறங்கும் நெருப்பு என்றுதான் நம் மனம் போகிறது. இறைவாக்கினர் எரேமியா நூலின் 34ஆம் அதிகாரத்தை ஒருமுறை வீட்டில் அமர்ந்து வாசித்துப் பாருங்கள்.

கி.மு. 588. பாபிலோனியப் படை எருசலேமைச் சூழ்ந்து நிற்கிறது. யூதாவின் மற்ற அரண்சூழ் நகர்களில் இலாக்கிசும் அசேக்காவும் மட்டுமே இன்னும் விழவில்லை. (1935இல் இலாக்கிசில் தோண்டியெடுத்த மட்கல ஓடுகளில் அக்கால மடல்கள் கிடைத்தன. அசேக்காவைக் காண முடியவில்லை என்கிறது ஒன்று.)

அந்த நெருக்கடியில் அரசர் செதேக்கியா மக்களோடு உடன்படிக்கை செய்கிறார்: எபிரேய அடிமைகள், ஆணும் பெண்ணும், விடுதலை பெற வேண்டும். இது புதிய சட்டமல்ல. ஏழாம் ஆண்டில் அடிமையை விடுவிக்க வேண்டும், வெறுங்கையாய் அனுப்பக் கூடாது என்று இணைச்சட்ட நூல் (15:12-13) சொல்கிறது. முன்னோர் அதற்குச் செவிகொடுக்கவில்லை. இப்போது கோவிலிலேயே கன்றுக்குட்டியை இரண்டாக வெட்டி, துண்டுகளுக்கு நடுவே நடந்து உறுதி கூறினார்கள். வாக்குத் தவறினால் எனக்கும் இந்தக் கதிதான் என்பது அச்சடங்கின் பொருள்.

முற்றுகை நேரத்தில் அடிமைக்குப் போடும் சோறு மிச்சம் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கலாம் என்பார்கள் விவிலிய அறிஞர் சிலர். இருக்கட்டும். ஆண்டவர் அவர்கள் செய்ததைச் சரியென்றே ஏற்றுக்கொண்டார்.

பிறகு எகிப்தியப் படை புறப்பட்டு வரும் செய்தி வந்தது. பாபிலோனியர் விலகிப் போனார்கள். ஊர் மூச்சுவிட்டது. விடுவித்தவர்களையே திரும்பப் பிடித்து வந்து மீண்டும் அடிமையாக்கினார்கள்.

நோயில்பூசுதல் கொடுக்க மருத்துவமனைக்குப் போகும்போது, “பிழைச்சு எழுந்தா தம்பி பங்கை எழுதிக் கொடுத்திடறேன் சாமி” என்பது போன்ற வாக்குகளை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். வீடு திரும்பியபின் அந்தப் பேச்சு வராது. நானும் கேட்பதில்லை, அது என் குறை.

ஆண்டவர் இதை வெறும் வாக்குத் தவறலாக எண்ணவில்லை. தம் பெயரையே தீட்டுப்படுத்தியதாகச் சொல்கிறார். பலிபீடத்தை அன்று யாரும் தொடவில்லை. ஒரு வேலைக்காரப் பெண்ணைத் திரும்ப இழுத்து வந்தார்கள், அவ்வளவுதான். அவருடைய பெயர் அங்கேதான் தீட்டுப்பட்டது.

தீர்ப்பும் அதே அளவில் வருகிறது. அவர்கள் அடிமைகளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆண்டவர் பாபிலோனியரை நகருக்குத் திரும்பக் கொண்டுவருவார். எபிரேய மூலத்தில் இரண்டுக்கும் ஒரே வினைச்சொல்தான். ஆண்டவர் புதிதாக ஒரு தண்டனையைத் தேடவில்லை. அவர்கள் செய்ததே அவர்களிடம் திரும்பி வந்தது.

கி.மு. 587இல் நகர் வீழ்ந்தது. வேற்றினத்துத் தளபதி நெபுசரதான், எஞ்சியவர்களைப் பாபிலோனுக்கு நாடுகடத்தினான். ஒன்றுமில்லாத ஏழைகள் சிலரை மட்டும் யூதாவிலேயே விட்டுவைத்து, அன்றே அவர்களுக்குத் திராட்சைத் தோட்டங்களும் வயல்களும் கொடுத்தான் (39:10).